திரையிசையிற் காட்சிப் புனைவு

கண்ணாற் காணத்தக்கதைக் காதின் வழியே காட்டுதல் இசைக்கு இயலுமா என்பது கலை ஆராய்ச்சியிற் பழையதொரு வினாவாகும். சொல்லுக்குப் பொருளுண்டு. மலை என்ற சொல்லைக் கேட்டவன் மலையை நினைவிற் கொள்கின்றான். மத்திமத்தையோ பஞ்சமத்தையோ கேட்டவன் யாதொன்றையும் நினைக்கக் கடமைப்பட்டவன் அல்லன். அவ்வாறிருந்தும், சில இசைப்பகுதிகள் செவியிற் பட்ட அளவிலேயே வயலும் வாய்க்காலும், மாலையும் மழையும், யாருமற்ற முற்றமும் உள்ளத்திலே தோன்றுகின்றன. சொல்லின் துணையின்றி இத்தோற்றம் எவ்வாறு எழுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குத் தமிழ்த் திரையிசை, அதனுள்ளும் இளையராஜாவின் இசை, மிகுந்த இடந்தருவதாகும்.

இளையராஜாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு நெறிகளில் ஒன்றைப் பற்றிச் செல்கின்றனர். ஒரு சாரார், இன்ன பாடல் இன்ன இராகத்தில் அமைந்ததென அட்டவணை வகுத்து, அதனையே திறனாய்வென மயங்குகின்றனர். மறுசாரார், திரையிசை காட்சிக்கு ஊழியஞ் செய்யவே பிறந்தது, ஆதலால் அதனைத் தனிக் கலையாக எண்ணுதல் தகாதென ஒதுக்கிவிடுகின்றனர். முன்னையோர் கருவியைக் கண்டு பயனைக் காணாதோர். பின்னையோர் ஊழியத்தைக் கண்டு அதனூடே நிகழும் படைப்பைக் காணாதோர். காட்சிக்காகப் பிறந்த இசை காட்சியை எவ்வாறு தானே படைக்கின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

இதனை அளந்தறிதற்கு வேண்டிய அளவுகோல் அயலிலிருந்து வரவேண்டியதில்லை. தொல்காப்பியர் அகத்திணையியலிலே பாடலுட் பயில்வனவற்றை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். இவ்வகுப்பில் இசை ஆராய்வோர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. பறையும் யாழும் மரத்தோடும் பறவையோடும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டுள்ளன. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என நிலந்தோறும் ஓசை வேறுபடும் என்பது நம் முன்னோர் கண்டது. ஓசை நிலத்திலே விளைவது. ஆதலின் ஓசையைக் கேட்டவன் நிலத்தைக் காண்கின்றான். மேலும், இம்மூன்றும் முறையே ஒன்றினொன்று சிறந்தனவாகும். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறக்கும். இம்முறைமையைத் திரையிசைக்குப் பொருத்திக் காணின், நிலத்தின் ஓசையைக் காட்டுவதோடு நின்றுவிடும் இசை பாதி வழியில் நின்ற இசையே. அவ்வோசையினூடே உள்ளத்தின் ஒழுக்கத்தைக் காட்டுவதே முழுமை பெற்ற இசையாகும்.

இளையராஜாவுக்கு முன்னரும் தமிழ்த் திரையிற் காட்சியுணர்த்தும் இசை இல்லாமலில்லை. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'புதிய பறவை'யில் விசுவநாதன், இராமமூர்த்தி இருவரும் அமைத்த 'எங்கே நிம்மதி' என்ற பாடல், பெருந்தொகையான வாத்தியங்களின் முழக்கத்தினாற் குற்றவுணர்வுற்ற ஒருவனின் உள்ளக் கொந்தளிப்பை அரங்கு முழுதும் பரவச் செய்தது. எனினும், அக்காலத்துப் பெரும்பாலான பாடல்களிற் காட்சியைத் தாங்கும் பொறுப்புச் சொல்லிடத்தும் பாடுவோர் குரலிடத்துமே இருந்தது. முன்னிசை பாடலுக்கு வாயிலாகவும், இடையிசை பாடுவோர் மூச்சு வாங்கும் இடைவெளியாகவும் அமைந்தன. இவ்விடைவெளிகளையே காட்சி விளையும் நிலமாக்கியது இளையராஜாவின் முதன்மையான செயலெனலாம்.

அதற்கேற்ற பயிற்சியும் அவருக்கு வாய்த்தது. 1943ஆம் ஆண்டிற் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊரூராகச் சென்று பாடினார். வயலிலும் திருவிழாவிலும் வழங்கும் மெட்டுகள் அவ்வழியே அவர் செவியிற் படிந்தன. சென்னையிலே தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையைக் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராயிருந்து திரைத்தொழிலின் நுட்பங்களை அறிந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. ஒவ்வொரு வாத்தியமும் இசைக்க வேண்டியதைத் தாமே சுரக்குறியீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அவருடையது. அதனால் மெட்டொன்று, அதற்குத் துணையாய் ஓடும் நரம்பிசையொன்று, அடியிலே தனக்கென ஒரு வழியிற் செல்லும் கீழ்ச்சுருதிக் கிதாரிசையொன்று எனப் பல இழைகள் ஒரே கணத்தில் இயங்குதல் கூடிற்று. காட்சியென்பதும் இத்தகையதே. வயலைக் காண்பவன் வரம்பையும் வானத்தையும் கொக்கையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் காண்பதில்லை, ஒருங்கே காண்கின்றான். பல இழைகளின் ஒருங்கியக்கமே இசைக்குக் காட்சித் தன்மையை அளிக்கின்றது.

1977இல் பாரதிராஜாவின் முதற் படமாகிய '16 வயதினிலே' தமிழ்த் திரைக்கதையைப் படப்பிடிப்பு மண்டபத்திலிருந்து மெய்யான ஊரின் வெயிலுக்குக் கொண்டுசென்றது. நிலம் மெய்யாகியபோது இசையும் மெய்யான நிலத்துக்குரியதாக வேண்டியிருந்தது. கங்கை அமரன் இயற்றி எஸ். ஜானகி பாடிய 'செந்தூரப்பூவே' இத்தேவையை நிறைவேற்றியது. பூவையும் காற்றையும் விளித்துத் தன் கனவைச் சொல்லும் பதினாறு வயதுப் பெண்ணின் பாடல் அது. ஊர்ப்புறத்தைக் குறிக்க உரத்த பறையொலியையே நாடும் எளிய வழியை இசையமைப்பாளர் இங்குக் கொள்ளவில்லை. குரல் எழுந்து, தயங்கி, மீண்டும் எழும் போக்கிலே காற்றின் அசைவும் பெண்ணின் நாணமும் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றுகின்றன. அவ்வசைவு வெளியில் வீசுங் காற்றோ, அவள் உள்ளத்தின் துடிப்போ என்று கேட்பின், இரண்டுமென்றே விடை கூறவேண்டும். கருப்பொருள் உரிப்பொருளாய் மாறும் இடம் இதுவே. இப்பாடலுக்காக எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார்.

இம்மாற்றம் மேலும் தெளிவுற அமைந்தது 1980இல் மகேந்திரன் இயக்கிய 'ஜானி'யில் வரும் 'காற்றில் எந்தன் கீதம்' என்ற பாடலாகும். திறந்தவெளி மேடையிற் பாடகியொருத்தி பாடுகின்றாள். மழை பொழிகின்றது. கேட்க வந்தோர் கலைந்து போகின்றனர். அவள் மட்டும் மேடையை விட்டகலாது, வரவேண்டிய ஒருவனை நோக்கிப் பாடிக்கொண்டிருக்கின்றாள். காரும் மாலையும் முல்லைக்குரிய பொழுதுகள் என்பதும், தலைவன் வரும்வரை ஆற்றியிருத்தலே அத்திணைக்குரிய ஒழுக்கம் என்பதும் தமிழ் கற்றோர் அறிந்தவை. நகரத்து மேடையும் ஒலிபெருக்கியும் கொண்ட இக்காலக் காட்சியிலே முல்லையின் இலக்கணம் முழுவதும் வந்து பொருந்திவிடுகின்றது. இயக்குநரோ இசையமைப்பாளரோ அதனை எண்ணிச் செய்தனர் எனக் கூறவேண்டியதில்லை. மரபு உயிருள்ளதாயின் எண்ணாமலும் வந்து தங்கும்.

இப்பாடலில் மழையை நடித்துக் காட்ட வாத்தியங்கள் முயலவில்லை என்பது கருதத்தக்கது. துளி விழும் ஓசையைத் தாளக் கருவியாற் போலச் செய்தலும், இடியை முழவினால் முழக்குதலும் எளியவை. அவ்வாறு செய்திருப்பின் கேட்போர் மழையை அறிந்திருப்பர், அவளை அறிந்திரார். நரம்பிசை அலையாய் எழுந்து குரலைத் தாங்குகின்றது. குரலோ ஆரவாரமின்றி நீண்டு, தொலைவிலுள்ள ஒருவனை எட்டிவிட முயல்கின்றது. கேட்போர் எவருமற்ற இடத்திற் பாடுங் குரலுக்கும், கேட்போர் நிறைந்த அவையிற் பாடுங் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை எஸ். ஜானகி நன்கறிந்து பாடியுள்ளார். வெற்று இருக்கைகளைப் படம் காட்டுகின்றது. அவ்வெறுமையை இசை உணர்த்துகின்றது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். காட்சியை முன்னரே திரையிற் கண்டவர்க்கு அப்பாடலைக் கேட்குந்தோறும் அக்காட்சி நினைவுக்கு வருதல் இயல்பு. அது பழக்கத்தின் வலிமையன்றி இசையின் வலிமையாகுமோ? இவ்வையத்தைத் தீர்த்தற்குப் 'புத்தம் புதுக் காலை' என்ற பாடலே தக்க சான்றாகும். மகேந்திரனின் படமொன்றுக்காக அமைக்கப்பெற்ற அப்பாடலுக்குரிய படம் வெளிவரவேயில்லை. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் அப்பாடல் இடம்பெற்றது. ஆயினும் அப்படத்தில் இடம்பெறவில்லை. ஆகவே திரைக்காட்சியேதும் இல்லாமலே அது பல்லாண்டு வழங்கிற்று; 2014இல் 'மேகா' என்ற படத்திலே புதிதாக ஒலித்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கேட்டோர் எவரும் திரையில் யாதொன்றையும் கண்டவரல்லர். எனினும் அதனைக் கேட்டார்க்கெல்லாம் விடியல் தோன்றியது. அவரவர் ஊரின் விடியல், அவரவர் வீட்டு முற்றத்து வெளிச்சம் தோன்றியது. பழக்கம் தராத காட்சியை இங்கு இசையே தந்தது.

ஈழத்தவர்க்கு இவ்வுண்மை புதியதன்று. திரைப்படம் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேருமுன்னரே அதன் பாடல்கள் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒலித்துப் பழகிவிடுவதுண்டு. வானொலிப் பெட்டியின் முன்னிருந்தோர் கதையையறியார். நடிப்போர் முகத்தையும் காணார். முன்னிசையும் இடையிசையுமே அவர்க்குத் திரையாயின. பின்னர்ப் படத்தைப் பார்த்து, தாம் செவியாற் கண்டதைவிடக் கண்ணாற் கண்டது குறைந்ததெனச் சிலர் மனம் வருந்தியதுமுண்டு. அவ்வருத்தமே இசைக்குக் கிடைத்த நற்சான்றெனல் பொருந்தும்.

இயற்கையொலியன்றி எந்திரவொலியும் கருப்பொருளாதல் கூடும் என்பதை 1991இல் மணிரத்தினம் இயக்கிய 'தளபதி' காட்டுகின்றது. போகிப் பண்டிகை நாளிலே இளந்தாயொருத்தி தன் குழந்தையைச் சரக்குப் புகையிரதத்தில் விட்டுப் பிரிகின்றாள். வாலி இயற்றி எஸ். ஜானகி பாடிய 'சின்னத்தாயவள்' என்ற பாடல் தாலாட்டின் அமைதியை உடையது. ஆயின் தாலாட்டப்பட வேண்டிய குழந்தை அருகில் இல்லாத தாலாட்டு அது. அதன் மெட்டுப் படம் நெடுகிலும் பின்னணியிசையாக மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின், தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாராய்க் கோயிலில் நிற்குங்கால் தொலைவிற் புகையிரதம் கூவுகின்றது. இருவர் உள்ளமும் ஒரே கணத்தில் அவ்வொலியின்பாற் செல்கின்றன. புகையிரதத்தின் கூவல் ஏனையோர்க்கு ஊர்ப்பயணத்தின் அறிகுறி. அவ்விருவர்க்கோ அது பிரிவின் குரல். ஓரொலி பலர்க்குக் கருப்பொருளாகவும் இருவர்க்கு மட்டும் உரிப்பொருளாகவும் அமைகின்ற இவ்விடத்தில், இசை எங்கு முடிகின்றது, உலகத்தின் ஓசை எங்குத் தொடங்குகின்றது என வரையறுத்தல் அரிது.

அதே படத்திலுள்ள 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' வேறொரு வகையைச் சார்ந்தது. காதலரிருவரின் உரையாடலாகிய மெல்லிய மெட்டு ஒருபுறமும், பெரும்பல்லியத்தின் போர்க்கள முழக்கம் மறுபுறமுமாக அது அமைந்துள்ளது. பகைவயிற் பிரிவென இலக்கணம் கூறும் பிரிவின் இரு முகங்கள் அவை. பாடலின் சொற்களைப் பாடுவோர் காதலைக் கூற, இடையிசை போரைக் கூறுகின்றது. தலைவி அஞ்சுவது எதனை என்பதைச் சொல்லின்றி உணர்த்துதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

நிலமும் பொழுதுமின்றி, கருத்துகளின் மோதலையே காட்சியாக்கிய பாடலும் ஒன்றுண்டு. 1985இல் கே. பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி'யிலே, புரியாத மொழியிற் பாடுதல் ஏன் என வினவும் பெண், வித்துவானின் முன்னிலையில் 'பாடறியேன் படிப்பறியேன்' எனத் தொடங்குகின்றாள். நாட்டார் பாடலாகத் தொடங்கிய மெட்டு, சிறிதும் முறிவின்றிச் சாரமதி இராகத்திற் சென்று, தியாகராசரின் 'மரி மரி நின்னே' என்ற கீர்த்தனையில் வந்து சேர்கின்றது. காம்போதியிற் பாடப்பெற்றுவரும் அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதிக்கு மாற்றினார். இம்மாற்றம் மரபை மீறுவதெனக் குறை கூறுவோர் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. கீர்த்தனையின் இராகம் அதன் உயிரோடு இயைந்ததென்னும் கொள்கை வலுவுடையதே. எனினும் இக்காட்சியின் தேவை வேறு. களத்து மேட்டின் பாடலும் கச்சேரி மேடையின் பாடலும் ஒரே மண்ணில் வளர்ந்தவை என்பதை அப்பெண் வாதத்தால் நிறுவவில்லை, இராகத்தால் நிறுவுகின்றாள். பாடல் முடியும்போது விவாதமும் முடிந்துவிடுகின்றது. இதனைப் பாடிய கே. எஸ். சித்ராவும், படத்துக்கு இசையமைத்த இளையராஜாவும் தேசிய விருது பெற்றனர்.

இசை முன்னும் காட்சி பின்னுமாக அமைவது திரைப்பாடலின் வழமை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹே ராம்' அவ்வழமையைத் தலைகீழாக்கியது. முன்னர் வேறொருவர் இசையிற் படமாக்கப்பட்டிருந்த பாடற் காட்சிகளுக்கு, நடிப்போரின் உதட்டசைவுக்குப் பொருந்துமாறு புதிய பாடல்களை இளையராஜா அமைத்தார். அளவு முன்னரே வரையறுக்கப்பட்ட பாத்திரத்தில் நீரை வார்ப்பது போன்ற செயல் அது. அங்ஙனம் அமைந்த பாடல்களைக் கேட்போர், அவை பின்னர்ப் பிறந்தவை என ஐயுறுதற்கு இடமில்லை.

இவையெல்லாம் கூறியபின் குறைகளையும் கூறாதொழிதல் திறனாய்வாகாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவரின் படைப்புகள் யாவும் ஒரே தரத்தவாதல் இயலாது. விரைவு மிகுந்த ஆண்டுகளில், ஊரென்றாற் குழலும் உறுமியும், திருமணமென்றால் நாதசுரமும் தவிலும், துயரமென்றால் தனி வயலினும் என அமையும் வாய்பாடு அவர் இசையிலும் தலைகாட்டியது. அத்தகைய இடங்களில் வாத்தியம், கடையின் பெயர்ப்பலகைபோல் இடத்தை அறிவிப்பதோடு நின்றுவிடுகின்றது; உள்ளே இருப்பது யாதென உணர்த்துவதில்லை. தொல்காப்பியர் அளவுகோலின்படி அவை கருப்பொருளோடு நின்ற பாடல்கள். மெட்டு முன்னும் சொல் பின்னுமாக அமைந்த பாடல்கள் சிலவற்றிற் சொல்லின் இயல்பான அசையழுத்தம் மெட்டுக்கு இரையாகியதும் உண்டு. மற்றொரு குறை இசையமைப்பாளருடையதன்று. நுண்ணிய இடையிசைக்கு ஏற்ற காட்சியைச் சிந்தியாது, அவ்விடத்தைக் குழுநடனத்தால் நிரப்பிய இயக்குநர் பலர். அங்கெல்லாம் கண்ணை மூடிக் கேட்பதே பாடலுக்குச் செய்யும் மரியாதையாகிவிடுகின்றது.

படமின்றியே நிற்கும் இசையையும் இளையராஜா படைத்துள்ளார். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' முதல், 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய சிம்பொனி வரை அவ்வழி நீள்கின்றது. அவற்றைக் கொண்டே அவரைக் கலைஞராக ஏற்போம், திரைப்பாடல்களைக் கொண்டு ஏற்கமாட்டோம் எனக் கூறுவார் உளர். அக்கூற்று நடுநிலையுடையதன்று. பிறர் வகுத்த கதை, பிறர் எழுதிய சொல், சில நிமிட எல்லை என்னும் தளைகளுக்குள் நின்று, அவற்றையும் மீறிய ஒரு காட்சியைக் கேட்போர் உள்ளத்தில் வரைந்தமையே அரிய செயல். தளையுள் நின்று இயங்குதல் தமிழ் யாப்புக்கு இழுக்காகாதபோது திரையிசைக்கு மட்டும் இழுக்காதல் எங்ஙனம்?

இசை காட்சியைப் புனைவது ஓசைகளைப் போலச் செய்வதனால் அன்று. ஓசை விளைந்த நிலத்தையும், அந்நிலத்தில் நின்ற நெஞ்சத்தையும் ஒருங்கே உணர்த்துவதனாலேயாம். மழையிற் பாடிக்கொண்டிருந்தவளின் காத்திருப்பும், புகையிரதத்தின் கூவலில் விழித்துக்கொள்ளும் தாய்மையும், படமேயில்லாத பாடலொன்றிற் புலரும் காலையும் இதற்குச் சான்றாவன. முதலும் கருவும் காலந்தோறும் மாறும். ஏறுகோட்பறை இருந்த இடத்துக்குக் கிதார் வந்தது. இனி வேறொன்று வரும். உரிப்பொருளோ மாறுவதில்லை. அதனைத் தொட்ட பாடல், காட்சி மறைந்த பின்னரும் கேட்போர் நெஞ்சில் ஒலித்துக்கொண்டிருக்கும்.